லண்டனில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கிறோம், ஐந்து வயதுக் குழந்தை உண்டு. பெம்ப்ரோக் கோர்கி சின்ன நாய்தானே, வளர்ப்பது சுலபமா?

"சின்ன நாய்தானே" என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. அதனால்தான் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நாங்கள் வேல்ஸில், ஸ்வான்சீ பக்கம் இருக்கிறோம். எங்கள் வீட்டில் ஒரு பெண் கோர்கி வளர்கிறாள். நிறத்தைப் பார்த்துவிட்டு என் மாமனார் செவலை என்று பெயர் வைத்தார்.

கோர்கிக்கு உயரம்தான் குறைவு. தோள் வரைக்கும் 25 முதல் 30 செ.மீ. இருக்கும். ஆனால் இது மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக உண்டான இனம் இல்லை, மாடு ஓட்டுவதற்காக உண்டானது. வேல்ஸின் பெம்ப்ரோக்ஷயர் பண்ணைகளில் நகராத மாட்டின் குதிகாலில் பின்னாலிருந்து ஒரு கடி கடிக்கும். மாடு உதைத்தால் கால் இதன் தலைக்கு மேலே போய்விடும். குட்டைக் கால் அழகுக்காக வந்தது இல்லை, தொழிலுக்காக வந்தது.

உங்கள் வீட்டில் குழந்தை இருப்பதால் இதைச் சொல்கிறேன். போன கோடையில் என் தங்கை மகன் எங்கள் தோட்டத்தில் பந்தைத் துரத்தி ஓடினான். செவலை குரைக்கவே இல்லை. காதைப் பின்னால் படியவைத்து, வயிறு புல்லில் உரச, அரைவட்டமாகச் சுற்றி வந்தாள். நேராகக் குதிகாலில் ஒரு கவ்வு. பையன் குப்புற விழுந்தான். சாக்ஸைக் கழற்றிப் பார்த்தால் தோல் கிழியவில்லை, இரண்டு சிவப்புப் புள்ளிகள் மட்டும். அவளோ அவன் பக்கத்தில் நின்று வாலில்லாத பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டிருந்தாள். வந்திருந்த விருந்தாளி ஒருவர் "கடிநாயை வைத்திருக்கிறீர்களே" என்று சத்தம் போட்டார்.

அது வெறிக்கடி இல்லை, அவள் ரத்தத்தில் ஊறிய வேலை. இதைச் சொன்னால் "நாய்க்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் சப்பைக்கட்டு கட்டுவார்கள்" என்று யாராவது வருவார்கள். நான் அதை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டம் இங்கே எல்லா இனத்துக்கும் பொருந்தும். கட்டுப்பாடில்லாத நாய் ஒருவரைப் பயமுறுத்தினாலே வளர்ப்பவர் மீது வழக்கு வரலாம். அதனால் குட்டியிலேயே பழக்குங்கள். உடம்பைத் தாழ்த்திப் பதுங்க ஆரம்பிக்கும்போதே கூப்பிட்டு, கையில் இருக்கும் பொம்மைக்குக் கவனத்தைத் திருப்பி, வந்தவுடன் ஒரு துண்டு தின்பண்டம் கொடுக்க வேண்டும். கடித்த பிறகு திட்டிப் பயனில்லை. குழந்தைக்கும் சொல்லிக்கொடுங்கள்: நாய் துரத்தினால் ஓடாதே, அப்படியே நில். ஓடுகிற வரைக்கும்தான் அதற்கு நீ மாடு.

அடுத்தது முதுகு. என்னைக் கேட்டால் கோர்கி பராமரிப்பில் பாதி இதுதான். நீண்ட முதுகு, குட்டைக் கால். அந்தக் குட்டைத்தன்மையைத் தருகிற மரபணுவே முதுகெலும்பின் இடைத்தட்டுக் கோளாறுக்கும் வழி செய்கிறது. எங்கள் மாடிப்படியில் குழந்தைகளுக்குப் போடும் கேட்டை நாய்க்காகவே போட்டிருக்கிறோம். காரில் ஏற சாய்பலகை. சோஃபாவிலிருந்து குதிக்க விடுவதில்லை. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, இன்னொரு கை பின்பக்கத்துக்குக் கீழே, முதுகு நேராக இருக்க வேண்டும். அக்குளில் கைகொடுத்துக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கவே கூடாது. முதுகைக் கூனிக்கொண்டு நின்றாலோ, பின்னங்கால் தள்ளாடினாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

எடை கூடினால் அந்த முதுகுக்குத்தான் முதல் அடி. பெண் 9 முதல் 11 கிலோ, ஆண் 10 முதல் 12 என்பது இங்கே நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் அளவு. தடவிப் பார்த்தால் விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். உருண்டு திரண்ட கோர்கியை வீடியோவில் போட்டு "சோ க்யூட்" என்று ஆயிரம் பேர் எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது. நம் வீடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு: அன்பாக ஒரு வாய் ஊட்டுவது. வெங்காயம், பூண்டு நாய்க்கு நஞ்சு, எனவே சாம்பார் சாதம் கிடையாது. திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாயசத்தில் போட்ட உலர்திராட்சையும்தான். வருகிற பெரியவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

முடி வருடம் முழுக்கக் கொட்டும், பருவம் மாறும்போது இன்னும் மோசம். உள்முடியைச் சீவி எடுக்கும் சீப்பு வாங்குங்கள். வெயில் காலம் என்று மொட்டையடிக்காதீர்கள்.

முடி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பம் ஒன்று "சுண்டலில் நாய்முடி கிடக்கும்" என்று சொல்லி எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வருவதையே நிறுத்திவிட்டது. இன்னொருவர், ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு நாய்க்குச் செலவு செய்கிறோம் என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். என் மாமனாரும் மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்கள், என் அம்மாவிடம் தினமும் பேசுகிறேன். இதையெல்லாம் யாரிடம் போய் நிரூபிப்பது? எலிசபெத் ராணி வளர்த்த இனம் என்பதால் பந்தாவுக்கு வாங்கினோம் என்றும் ஒரு பேச்சு. ராணி இருந்த காலத்திலேயே, 2014இல், பிரிட்டனில் பதிவான பெம்ப்ரோக் குட்டிகள் வெறும் 274தான். அழியும் நிலையில் உள்ள உள்நாட்டு இனங்களின் பட்டியலுக்கே போய்விட்டது. பிறகுதான் மீண்டு வந்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். லிஃப்ட் இல்லாத மாடி ஃபிளாட் என்றால் இந்த இனம் வேண்டாம். தினமும் படி ஏறி இறங்கினால் அந்த முதுகு தாங்காது. கீழ்த்தளமோ லிஃப்டோ இருந்து, தினமும் ஒரு மணி நேரம் நடக்க ஆள் இருந்து, வாசலில் காலடி கேட்டாலே குரைக்கிற குரலை அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்வார்கள் என்றால் தாராளமாக வளர்க்கலாம். குட்டியைத் தாயோடு சேர்த்துப் பார்த்துத்தான் வாங்குங்கள். பெற்றோருக்குப் பின்னங்கால் செயலிழப்பு நோய்க்கான டிஎன்ஏ சோதனையும் இடுப்புமூட்டு எக்ஸ்ரேயும் எடுத்த சான்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் அந்த இடத்தில் வாங்காதீர்கள்.