1838-இல் எடுத்த பாரிஸ் படத்தில் தெரு ஏன் காலியாகக் கிடக்கிறது?

"பட்டப்பகல், பெரிய தெரு, ஆனால் ஒரே ஓர் ஆள்தான் தெரிகிறார். மற்றவர்கள் எங்கே?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் எங்கும் போகவில்லைங்க.

புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான பிரெஞ்சுக்காரர் டாகேர் உயரமான ஜன்னலிலிருந்து எடுத்த படம் அது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதியச் சில நிமிடங்கள் பிடித்தது. அதற்குள் குதிரை வண்டிகளும் ஆட்களும் கடந்து போய்விட்டதால் தகட்டில் பதியவில்லை. ஷூ பாலிஷுக்காக ஒற்றைக் காலைத் தூக்கி வைத்து நின்றவர் மட்டும் சிக்கிக்கொண்டார். பாலிஷ் போட்டவர்கூடக் கலங்கலாகத்தான் தெரிகிறார், பாவம். மனிதர் பதிந்த படங்களில் இன்று நமக்குத் தெரிந்த மிகப் பழையது இதுதான் என்பார்கள்.

கோவை ஒப்பணக்கார வீதியில் இதை நானே செய்து பார்த்தேன். வெளிச்சத்தைக் குறைக்க, வெல்டிங் கண்ணாடியை கேமரா லென்ஸ் முன்னால் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஸ்டாண்டில் நிறுத்தி, உச்சி வெயிலில் இரண்டு நிமிடம் ஷட்டரைத் திறந்துவிட்டேன். டவுன் பஸ், பைக், துணி எடுக்க வந்த கூட்டம் எல்லாம் மாயம். படம் முழுக்கப் பச்சை ஏறியிருந்தது; சரி, அது கண்ணாடியின் நிறம். குடைக்கடியில் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா மட்டும் அப்படியே இருந்தார். விரல்களைத்தான் காணோம்.