பிரபலங்களும் நீதிமன்றங்களும் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

தென்கொரியப் பாடகர் கிம் ஹோ ஜூங் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, ஒரு டாக்சியில் மோதிவிட்டுத் தப்பிய வழக்கில் ஏறத்தாழ ஆறு மாதத்தில் தண்டனைக்கு வந்துவிட்டார்கள். இரண்டரை ஆண்டு சிறை. அந்த விபத்தில் யாரும் சாகவில்லை. மும்பையில் 2002-ல் நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி இறந்த வழக்கில் சல்மான் கான் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு விடுதலை ஆனார். பிற நாட்டு நீதிமன்றங்கள் பிரபலம் என்று பார்ப்பதில்லை, நம் நாட்டில்தான் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? பொதுமக்களில் சிலர் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறையை மீண்டும் கொண்டுவந்தாலோ, தண்டனையைக் கடுமையாக்கினாலோ இந்த நிலை மாறுமா?

ரா. கு.,
திருச்சி

அன்புள்ள ரா. கு.,

உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் எத்தனை ஆண்டு தண்டனை என்ற கணக்கைக் கொண்டு நாடுகளை ஒப்பிட்டால் தவறான இடத்துக்குப் போய்ச் சேருவோம் என்று அஞ்சுகிறேன். நான் பார்த்த அளவில், ஒரு பிரபலத்தின் செல்வாக்கு தீர்ப்பு நாளில் நீதிபதியின் மேசைமீது அவ்வளவாக வேலை செய்வதில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில்தான் வேலை செய்கிறது. பணமும் புகழும் உள்ளவரால் காலத்தை வாங்க முடிகிறது. எந்த நாடு அதை எவ்வளவு எளிதாக விற்கிறது என்பதுதான் ஒப்பிட வேண்டிய விஷயம்.

நீங்கள் சொன்ன இரண்டு வழக்குகளையும் சற்று அருகில் சென்று பார்ப்போம். கிம் ஹோ ஜூங்கின் விபத்து 2024 மே 9 அன்று இரவு சியோலின் கங்நாம் பகுதியில் நடந்தது. அவர் நிற்காமல் போய்விட்டார். அவருடைய மேலாளர் ஒருவர் பாடகரின் உடையை அணிந்துகொண்டு காவல் நிலையத்துக்குச் சென்று, காரை ஓட்டியது தானே என்று சொன்னார். காரில் இருந்த கேமராவின் நினைவட்டை அப்புறப்படுத்தப்பட்டது. பாடகர் காவல்துறையின் முன் வந்தபோது ஏறத்தாழ 17 மணி நேரம் கழிந்திருந்தது. குடித்திருந்ததை அவர் ஒப்புக்கொள்ள மேலும் பல நாட்கள் ஆயின. இதன் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. விபத்து நேரத்தில் அவருடைய ரத்தத்தில் எவ்வளவு மது இருந்தது என்பதை நிறுவ முடியாமல் போனதால், குடித்துவிட்டு ஓட்டினார் என்ற நேரடிக் குற்றச்சாட்டையே அரசுத் தரப்பு வைக்க முடியவில்லை. ஆபத்தான முறையில் ஓட்டிக் காயம் விளைவித்தது, தப்பிச் சென்றது, வேறொருவரை ஆள்மாறாட்டம் செய்ய வைத்தது ஆகியவற்றுக்காகத்தான் தண்டிக்கப்பட்டார். ஆக, சில மணி நேரத் தாமதம் கொரியாவிலும் அவருக்கு ஒரு சலுகையைத் தந்துவிட்டது. இருந்தும் அந்தத் தாமதத்தையே அரசு ஒரு குற்றமாக எடுத்துக்கொண்டது. அவருடைய நிறுவனத்தின் தலைவரையும் மேலாளர்களையும் சேர்த்துத் தண்டித்தது. அளவீட்டைக் குலைப்பதற்காக விபத்துக்குப் பின் மறுபடி குடிப்பதைத் தண்டிக்க அங்கே சட்டமும் திருத்தப்பட்டது.

மும்பை வழக்கிலும் விவாதத்தின் மையத்தில் இருந்தவை இதே இரண்டு கேள்விகள்தான்: ஓட்டியது யார், குடித்திருந்தாரா. 2002 செப்டம்பர் 28 அதிகாலையில் பாந்திராவில், ஒரு பேக்கரியின் வாசலில் உறங்கியவர்கள்மீது கார் ஏறியது. ஒருவர் இறந்தார், நால்வர் காயமுற்றார்கள். நடிகரின் ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 62 மில்லிகிராம் மது இருந்ததாக ஆய்வறிக்கை சொன்னது. சட்டம் அனுமதிப்பது 30. ஆனால் எடுத்த ரத்தம் ஆய்வகத்தைச் சென்று சேரும்வரை யார் பொறுப்பில், எந்த நிலையில் இருந்தது என்பதை அரசுத் தரப்பால் ஐயத்துக்கு இடமின்றிக் காட்ட முடியவில்லை. நடிகருக்குக் காவலாகக் காரில் சென்ற காவலர்தான் புகார் கொடுத்தவர், முதன்மைச் சாட்சியும் அவரே. அவருடைய முதல் புகாரில் குடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. சில நாட்கள் கழித்துக் கொடுத்த வாக்குமூலத்தில்தான் அது வந்தது. அவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார், இடையே விசாரணைக்கு வராததால் பிடியாணைக்கு ஆளாகிச் சிறைக்குச் சென்றார், வேலையை இழந்தார், 2007-ல் காசநோயால் இறந்தார். விபத்து நடந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, 2015 மார்ச்சில், குடும்பத்தின் ஓட்டுநர் கூண்டில் ஏறி, அன்று காரை ஓட்டியது தானே என்றார்.

2015 மே 6 அன்று அமர்வு நீதிமன்றம் ஐந்தாண்டு தண்டனை விதித்தது. அன்றைக்கே உயர் நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தந்தது. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை என்று அவரை விடுவித்தது. அந்தத் தீர்ப்பைப் படிக்காமல் திட்டுவது எளிது. ஆனால் இறந்துபோன சாட்சியை யாரும் மறுபடி குறுக்கு விசாரணை செய்ய முடியாது; கைமாறிய விவரம் தெளிவில்லாத ரத்த மாதிரியை வைத்து ஓர் ஏழையைச் சிறைக்கு அனுப்பினால் நாம் அதை ஏற்க மாட்டோம். அமெரிக்காவில் நகைச்சுவை நடிகர் பில் காஸ்பிக்குப் பாலியல் வன்முறை வழக்கில் கிடைத்த தண்டனையை 2021-ல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் இந்த வகையைச் சேர்ந்ததே. வழக்குத் தொடரமாட்டோம் என்று முன்பு ஒரு அரசு வழக்கறிஞர் அறிவித்ததை நம்பி அவர் ஒரு சிவில் வழக்கில் பேசியவற்றைப் பின்னால் அவருக்கு எதிராகவே பயன்படுத்தியது தவறு என்றார்கள் நீதிபதிகள். புகார் சொன்ன பெண்களுக்கு அது எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும் என்பதை எண்ணாமல் இதை எழுதவில்லை. ஆயினும் விதி என்பது பிடிக்காதவருக்கும் பொருந்த வேண்டும். மும்பை வழக்கில் என் குறை தீர்ப்பின்மீது அல்ல. சாட்சியும் ரத்தமும் பன்னிரண்டு ஆண்டு கிடந்து கெடுவதற்கு அனுமதித்த அமைப்பின்மீது.

இதே கண்ணோட்டத்தில் நவ்ஜோத் சிங் சித்துவின் வழக்கைப் பாருங்கள். 1988 டிசம்பரில் பாட்டியாலாவின் தெருவில் வண்டியை நிறுத்துவது பற்றிய தகராறில் 65 வயதுக்காரர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். 1999-ல் விடுதலை, 2006-ல் உயர் நீதிமன்றத்தில் மூன்றாண்டு சிறை, 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் ஆயிரம் ரூபாய் அபராதம் மட்டும், 2022 மே 19 அன்று மறுசீராய்வில் ஓராண்டுக் கடுங்காவல். குற்றம் நடந்தபோது இருபத்தைந்து வயதுக் கிரிக்கெட் வீரராக இருந்தவர், சிறைக்குள் போனபோது நாடாளுமன்றம், அமைச்சர் பதவி எல்லாம் பார்த்து முடித்த மனிதர். இறந்தவரின் குடும்பம் முப்பத்து மூன்று ஆண்டுகள் படியேறியது.

உலகம் முழுவதும் இப்படித்தானா என்றால், இல்லை. தென்னாப்பிரிக்க ஓட்டவீரர் ஆஸ்கார் பிஸ்டோரியஸின் வழக்கை நான் மதிப்போடு நினைப்பதுண்டு. 2013 பிப்ரவரி 14 அன்று தன் காதலியைப் பூட்டிய கழிவறைக் கதவின் வழியாகச் சுட்டுக் கொன்றார். ஓராண்டு கடந்த சில நாட்களிலேயே, 2014 மார்ச்சில், விசாரணை தொடங்கியது. அங்கே ஜூரி இல்லை. நீதிபதி தொகோசிலே மசிபா இரண்டு துணை மதிப்பீட்டாளர்களுடன் அமர்ந்து விசாரித்தார். கொலை என்று சொல்ல முடியாது, கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று கூறி ஐந்தாண்டு விதித்தார். நாடே கொந்தளித்தது. அரசுத் தரப்பு சட்டக் கேள்வி ஒன்றை எழுப்பி மேல்முறையீட்டுக்குச் சென்றது: கதவுக்குப் பின்னால் இருப்பவர் யாராக இருந்தாலும் நான்கு முறை சுட்டால் சாவார் என்பது தெரிந்தே சுட்டவரின் எண்ணத்தை எப்படி வகைப்படுத்துவது? 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் அதைக் கொலை என்று திருத்தியது. மறுபடி ஆறாண்டு மட்டும் விதிக்கப்பட்டபோது, 2017-ல் அதை 13 ஆண்டு 5 மாதமாக உயர்த்தியது. 2024 ஜனவரியில் பரோலில் வெளியே வந்தார். தவறு நடந்தது, நான்கு ஆண்டுகளுக்குள் திருத்தவும் பட்டது, எல்லாம் பொதுமக்களின் கண்முன்னால். பிரிட்டனிலும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: சில வகைக் குற்றங்களில் தண்டனை மிகக் குறைவு என்று தோன்றினால், அதை மேல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி எந்தக் குடிமகனும் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலுக்கு எழுதிக் கேட்கலாம். சிறுமியர் உள்ளிட்டோரிடம் பாலியல் அத்துமீறல் செய்ததை ஒப்புக்கொண்ட ஒலிபரப்பாளர் ஸ்டூவர்ட் ஹாலுக்கு 2013 ஜூனில் 15 மாதம் விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே அது 30 ஆனது.

ஜாமீனில்தான் வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரிகிறது. அமெரிக்க ராப் பாடகர் ஏசாப் ராக்கி 2019-ல் ஸ்டாக்ஹோம் தெருவில் ஓர் இளைஞரை அடித்ததற்காகக் காவலில் வைக்கப்பட்டார். அப்போது அமெரிக்க அதிபராக இருந்த டிரம்ப் சுவீடன் பிரதமருடன் பேசினார். ஜாமீனுக்குத் தாமே பொறுப்பேற்பதாகவும் சொன்னார். சுவீடனில் பணம் கட்டி வெளியே வரும் ஜாமீன் முறையே இல்லை. தங்கள் நாட்டில் அரசு நீதிமன்றத்தில் தலையிட முடியாது என்று பிரதமர் சொல்லிவிட்டார். விசாரணை முடியும்வரை ஏறக்குறைய ஒரு மாதம் பாடகர் உள்ளேயே இருந்தார். பிறகு கிடைத்தது சிறைவாசம் இல்லாத நிபந்தனைத் தண்டனையும் நஷ்டஈடும்தான். தண்டனையை மட்டும் பார்த்தால் சுவீடன் மென்மையான நாடு. அந்த ஒரு மாதத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. நம் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூவர் இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள் என்பதையும், தண்டனை பெற்ற நடிகருக்கு அன்றைக்கே ஜாமீன் கிடைத்ததையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனம் கசக்கிறது. கன்னட நடிகர் தர்ஷனுக்கு ஒரு கொலை வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் தந்த ஜாமீனை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, சிறையில் சிறப்புக் கவனிப்பு நடந்தால் அதிகாரிகள்மீது நடவடிக்கை வரும் என்று எச்சரித்தது ஒரு நல்ல அடையாளம். அவர் பெங்களூருச் சிறை வளாகத்தில் நாற்காலியில் அமர்ந்து சிகரெட் பிடிக்கும் படம் அதற்கு ஓராண்டு முன்பு வெளிவந்திருந்தது. வழக்கு நடக்கிறது என்பதால் குற்றத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

விரைவு மட்டும் போதும் என்று எண்ணுகிறவர்கள் சீனாவைக் காட்டுவார்கள். பாடகர் கிரிஸ் வூ 2021 கோடையில் பிடிபட்டார், 2022 நவம்பரில் பாலியல் வன்கொடுமை உள்ளிட்ட குற்றங்களுக்காக 13 ஆண்டு பெற்றார். விசாரணை மூடிய கதவுக்குள் நடந்தது. நடிகை ஃபான் பிங்பிங் 2018-ல் சில மாதங்கள் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் இருந்துவிட்டு, வரியும் அபராதமுமாக 88 கோடி யுவானுக்கும் மேல் செலுத்தும் உத்தரவோடும் ஒரு மன்னிப்புக் கடிதத்தோடும் திரும்பி வந்தார். இவர்கள் குற்றம் செய்யவில்லை என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் நான் சோதித்துப் பார்க்க வழியில்லாத தீர்ப்பை என்னால் பாராட்ட முடியாது.

ஜூரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்னாள் மனைவியையும் அவருடைய நண்பரையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ. ஜே. சிம்ப்சனை 1995-ல் விடுவித்த ஜூரிகள், மாதக்கணக்கில் சாட்சியம் கேட்ட பிறகு நான்கு மணி நேரம்கூட ஆலோசிக்கவில்லை. அமெரிக்காவில் அந்த விடுதலைக்குமேல் அரசு மேல்முறையீடு செய்யவும் முடியாது. எதிர்த்திசையில் நம் ஊரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. நடிகர்களைப் பற்றி அவதூறு எழுதிவந்த ‘இந்துநேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்தப்பட்டு இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். அந்த அவதூறுகளை ஊரே படித்திருந்தது; கொலைக்கான நோக்கம் என்று சொல்லப்பட்டதும் அவைதான். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரிகள் குற்றவாளிகள் என்றார்கள், ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அன்றைய இந்தியாவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் திரும்பிய பிறகே 1947-ல் விடுதலையானார்கள். புகழ் ஒருவரைக் காப்பாற்றும் என்பது பாதி உண்மை. தெரிந்த முகம் என்பதாலேயே ஜூரியின் மனம் இரண்டில் ஒரு பக்கம் முன்கூட்டியே சாய்ந்துவிடக்கூடும். ஜூரியை நாம் கைவிட்டது சரி என்றே கருதுகிறேன்.

கடுமையான தண்டனை பற்றிய உங்கள் கேள்விக்கு மும்பை வழக்கிலேயே விடை இருக்கிறது. அது முதலில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற, இரண்டாண்டுக்கு மேல் போகாத பிரிவில் நடந்தது. பத்தாண்டுவரை தண்டனை தரக்கூடிய பிரிவே பொருந்தும் என்று பல ஆண்டுகள் கழித்து முடிவானது. பொதுமக்களும் அதைத்தான் விரும்பினார்கள். அந்தப் பிரிவை அமர்வு நீதிமன்றம்தான் விசாரிக்க முடியும் என்பதால் 2013 டிசம்பரில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க உத்தரவானது. காவலர் அதற்கு ஆறாண்டு முன்பே இறந்துவிட்டிருந்தார். அவர் பழைய நீதிமன்றத்தில், பழைய குற்றச்சாட்டின்கீழ் சொன்ன சாட்சியத்தைப் புதிய விசாரணையில் எடுத்துக்கொண்டது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. பெரிய பிரிவு கிடைத்தது, சாட்சி போனது. முதல் ஆண்டிலேயே சரியான பிரிவில், சரியான நீதிமன்றத்தில் அந்தக் காவலரைக் கூண்டில் ஏற்றி, நடிகரின் வழக்கறிஞர் முழுமையாகக் குறுக்கு விசாரணை செய்ய வைத்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது. சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில்தான் நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. சாமியார் ஆசாராமின் வழக்குச் சாட்சிகள் தாக்கப்பட்டும் கொல்லப்பட்டும் போன பின்பு. மாவட்டந்தோறும் அந்தத் திட்டத்துக்குப் பணமும் ஆளும் ஒதுக்கச் சொல்லி உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.