பேச்சு மொழிச் சிகிச்சைப் படிப்பு: வகுப்பு தொடங்கும் முன் இரண்டு மாதங்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். உளவியலில் பி.ஏ. முடித்து, தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பக்கவாதத்தால் பேச்சிழந்த என் ஆயாவுக்கு (பாட்டிக்கு) ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் எட்டு மாதம் பயிற்சி கொடுத்ததைக் கூடவே இருந்து பார்த்ததிலிருந்து, இந்தத் தொழிலுக்கே போக வேண்டும் என்று மனம் சொல்கிறது. கணவரின் வேலை காரணமாக ஈராண்டுகளில் அமெரிக்கா செல்ல இருக்கிறோம். அங்கே முதுகலையில் சேர்வதற்கு வேண்டிய முன்தேவைப் பாடங்களை இங்கிருந்தபடியே இணையவழியில் படிக்கப் பதிவு செய்திருக்கிறேன். ஆகஸ்ட் இறுதியில் வகுப்பு தொடங்குகிறது. ஒலியியல், பேச்சு உறுப்புகளின் உடற்கூறு, குழந்தை மொழி வளர்ச்சி ஆகிய மூன்றையும் ஒன்றாக எடுக்கலாமா? பள்ளிக்குப் பின் உயிரியலைத் தொட்டதே இல்லை என்பதால் அச்சமாக இருக்கிறது. இந்த இரண்டு மாதங்களில் எதைப் படிக்கட்டும்?

பதில்: அன்பு மகளுக்கு, புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு காகித வேலை இருக்கிறது. முன்தேவைப் பாடங்களின் பட்டியல் எல்லா அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் ஒன்றல்ல. ஓரிடத்தில் ஏற்கப்படும் பாடம் இன்னோரிடத்தில் ஏற்கப்படாமல் போகலாம். நீங்கள் சேர விரும்பும் மூன்று நான்கு துறைகளுக்கு, பதிவு செய்த பாடங்களின் பாடத்திட்டத்தை இணைத்து எழுதி, ‘இவை எங்களுக்குச் செல்லும்’ என்ற பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய பணத்தைத் திரும்பப் பெறும் கெடுவுக்குள் இது முடிய வேண்டும். இன்னொன்றும் உண்டு. அமெரிக்கப் பேச்சு மொழி செவியியல் சங்கமான ‘ஆஷா’வின் தொழில் சான்றிதழுக்கு உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அறிவியல் ஆகிய நான்கிலும் கல்லூரி அளவிலான பாடம் படித்திருக்க வேண்டும். உங்கள் பட்டத்தில் கடைசி ஒன்று நிச்சயம் இருக்கும். புள்ளியியல் தனிப் பாடமாக மதிப்பெண் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற இரண்டுக்கும் இந்த ஈராண்டுக்குள்ளேயே இடம் ஒதுக்கிவிடுங்கள்.

மூன்று பாடங்கள் வேண்டாம்; இரண்டு போதும். முதுகலைச் சேர்க்கையில் இந்தப் பாடங்களின் மதிப்பெண்களைக் கூர்ந்து பார்ப்பார்கள் என்பதால், வேலைக்கும் போய்க்கொண்டு மூன்றில் சுமாராகத் தேறுவதைவிட இரண்டில் நன்றாகத் தேறுவதே உங்களுக்கு நல்லது. குழந்தை மொழி வளர்ச்சியை ஜனவரிக்குத் தள்ளுங்கள். அதில் பாதியை உங்கள் வகுப்பறையில் நாள்தோறும் பார்க்கிறீர்கள். நேரக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். நியூயார்க்கில் மாலை 7 மணி என்றால் டர்பனில் பின்னிரவு 1 மணி. நவம்பர் தொடக்கத்தில் அங்கே கடிகாரத்தைப் பின்னோக்கி வைத்தபின் அதுவே 2 மணி ஆகிவிடும். காலையில் பள்ளிக்குப் போக வேண்டியவர் நீங்கள். ஆகவே பாடம் நேரலையா, பதிவு செய்ததா, கேமரா முன் எழுத வேண்டிய தேர்வுக்கு எந்த நேரம் என்று எழுதிக் கேளுங்கள். மின்சாரம் போனாலும் இணையம் அறுந்துவிடாதபடி ரௌட்டருக்கு ஒரு சிறிய பேட்டரி வாங்கி வைப்பதும் வீண் செலவாகாது.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இந்த இரண்டு மாதமும் முதலில் காதைப் பழக்குங்கள். ஒலியியலில் தடுமாறுவோர் பெரும்பாலும் எழுத்தையே ஒலியென்று எண்ணித்தான் தடுமாறுகிறார்கள். என் முதல் தேர்வில் நானும் அப்படித்தான் மதிப்பெண் இழந்தேன். ‘ஷிப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்து நான்கு, ஒலி மூன்று. ‘பாக்ஸ்’ என்பதற்கு எழுத்து மூன்று, ஒலி நான்கு. ‘பக்கம்’, ‘பங்கு’, ‘அகம்’ என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள்: ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிப்பது கேட்கும். நாக்கை மடித்துச் சொல்லும் டகரம், ணகரம், ளகரம், ழகரம் ஆகியவற்றுக்குச் சர்வதேச ஒலிக்குறி அட்டவணையில் தனி வரிசையே இருக்கிறது. உடன் படிப்போர் அதை மனப்பாடம் செய்வார்கள். உங்கள் நாக்குக்கு அது முன்பே தெரியும். உங்கள் வகுப்பில் சுலு பேசும் குழந்தைகள் இருந்தால், நாக்கைச் சொடுக்கி எழுப்பும் மூன்று வகை ஒலிகளையும் அவர்கள் வாயிலிருந்தே கேட்டுப் பழகலாம்.

ஆனால் ஓரிடத்தில் நம் ஊர்க் காது நம்மையே ஏமாற்றும். பாடப்புத்தகம் அமெரிக்க உச்சரிப்பை வைத்து எழுதப்பட்டது. ‘கார்’ என்பதன் இறுதி ரகரத்தை நாம் ஒலிப்பதில்லை, அவர்கள் ஒலிப்பார்கள். ‘வாட்டர்’ என்பதன் நடு டகரம் அவர்கள் வாயில் நம் ரகரத்தை ஒட்டிய ஒரு தட்டலாகிவிடும். உங்கள் வாய் சொல்வதை நீங்கள் சரியாகவே எழுதினாலும் விடைத்தாளில் அது தவறாகும். எனவே நாள்தோறும் அரை மணி நேரம் அமெரிக்க வானொலிச் செய்தி கேட்டு, பத்துச் சொற்களை ஒலிக்குறியில் எழுதி, அமெரிக்க உச்சரிப்பு தரும் அகராதியோடு ஒப்பிடுங்கள்.

உடற்கூற்றுக்கு அஞ்ச வேண்டாம். உங்கள் உடம்பையே பாடப்புத்தகமாக வைத்துக்கொள்ளலாம். தொண்டையில் விரல் வைத்து ‘ஸ்’ என்று நீட்டுங்கள், அதிர்வு இராது. ‘ம்’ என்று நீட்டினால் குரல் நாண்கள் அதிர்வது விரலில் தெரியும். அப்படியே மூக்கைப் பொத்துங்கள்: ‘ம்’ நின்றுவிடும், ‘ல்’ மட்டும் தொடரும். மேல்வாயின் பின்புறத்து மென்பகுதியான மெல்லண்ணம், மூக்குக்குப் போகும் வழியைத் திறந்து மூடத்தான் இருக்கிறது என்பதை இதற்குப் பிறகு மறக்க மாட்டீர்கள். தசைகளின் பெயர்களைக் கண்டு மலைக்காதீர்கள். பல பெயர்கள் வெறும் முகவரிகளே. ‘கிரிக்கோதைராய்டு’ என்றால் குரல்வளையின் கிரிக்காய்டு குருத்தெலும்பையும் தைராய்டு குருத்தெலும்பையும் இணைப்பது என்று பொருள்; அது சுருங்கினால் குரல் நாண்கள் நீண்டு குரலின் சுருதி உயரும். மூளை நரம்புகள் பன்னிரண்டில் 5, 7, 9, 10, 12 ஆகியவற்றைப் பேச்சுக்கும் 8-ஐச் செவிக்கும் என முதலில் படித்துவிடுங்கள்.

ஆயாவின் எட்டு மாதத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நினைவிலிருந்து எழுதி வையுங்கள். நாம் சொன்னது அவருக்கு விளங்கியும் சொல் வரவில்லையா, சொல் வந்தும் நாக்கு குழறியதா? முன்னது 1861இல் பால் புரோக்கா விவரித்த வகைப் பேச்சிழப்பாக இருக்கலாம். பின்னது பேச்சுத் தசைகளின் தளர்ச்சியால் வந்திருக்கலாம். பாடத்தில் இந்த வேறுபாடு வரும்போது அவர் முகம் உங்கள் கண்முன் இருக்கும். ஆனால் அந்த நாட்களைக் கணக்கில் காட்ட முடியாது. சிகிச்சை நடப்பதைக் கூட இருந்து கவனிக்க ஆஷா கேட்கும் 25 மணி நேர நோக்கல், அதன் சான்று பெற்றவரின் வழிகாட்டுதலில் நடக்க வேண்டும். டர்பன் கிளினிக்கில் உட்காருவதற்கு முன் அதையும் பல்கலைக்கழகத்திடம் கேட்டுவிடுங்கள்.

ஒருவேளை அமெரிக்கப் பயணம் தள்ளிப்போனால், இங்குள்ள வழி வேறு. தென்னாப்பிரிக்காவில் இத்தொழிலுக்கு நான்காண்டு இளங்கலையே நுழைவாயில். அதன்பின் ஓராண்டு சமூகச் சேவையும் சுகாதாரத் தொழில் மன்றப் பதிவும் உண்டு. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலேயே அப்படிப்பு இருக்கிறது. அமெரிக்கப் பட்டத்தோடு திரும்பி வருவோர் மன்றத்திடம் வெளிநாட்டில் பயின்றவர்களுக்கான வழியில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கணவரோடு பேசி எந்த ஊரில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொண்டு, அதன்பின் முழுக் கட்டணத்தையும் செலுத்துங்கள்.