இடுப்புப் பிடிப்புக்குத் தசை தளர்த்தி மாத்திரையா, டிரமடாலா?

கேள்வி: தண்ணீர்க் குடம் தூக்கியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. மருத்துவர் டிசானிடின் என்ற தசை தளர்த்தி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணனிடம் பழைய டிரமடால் அட்டை ஒன்று மீதி இருக்கிறது. அதற்குத்தான் வலி உடனே கேட்கும் என்கிறார். எதைச் சாப்பிடலாம்?

அண்ணனுடைய அட்டையைத் தொடாதீர்கள். பத்தொன்பது வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். "இது கேட்கவில்லை, இதைவிடப் பெரியதாக ஒன்று கொடுங்கள்" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். இவை இரண்டும் சின்னதும் பெரியதும் அல்ல. வேலையே வேறு.

தசை தளர்த்தி என்ற பெயரைக் கேட்டால் மருந்து நேராகத் தசைக்குப் போய் இளக்குகிறது என்று தோன்றும். டிசானிடின் அப்படிச் செய்வதில்லை. தசையை இறுக்கச் சொல்லித் தண்டுவடத்திலிருந்து போகும் நரம்புத் தூண்டுதலை அது குறைக்கிறது. நரம்பு மண்டலத்தில் வேலை செய்வதால்தான் தூக்கம் வருகிறது, வாய் உலர்கிறது, இரத்த அழுத்தமும் இறங்குகிறது. என் அப்பா ஏற்கெனவே அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். டிசானிடின் சாப்பிட்ட முதல் இரவு, சிறுநீர் கழிக்க எழுந்தவர் நாலடி நடப்பதற்குள் கண் இருட்டிச் சுவரோடு சரிந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்போடு போனது எங்கள் நல்ல நேரம். கட்டிலில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுந்திருங்கள் என்று அவரிடம் சொல்ல மறந்தது நான்தான். இன்றுவரை அந்த மாத்திரையைக் கொடுக்கும்போது ஒருவரிடமும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. சிறுநீர்த் தொற்றுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்பேன். அதோடு டிசானிடின் சேரவே கூடாது. இரத்தத்தில் டிசானிடின் அளவு பல மடங்கு ஏறிவிடும்.

டிரமடால் ஓபியாய்டு வகை, அதாவது அபினைப் போல மூளையில் வேலை செய்யும் வலி மருந்து. மார்ஃபினின் தூரத்து உறவு. பிடிப்பு அப்படியே இருக்கும். அதை மூளை வலியாக உணர்வதுதான் மட்டுப்படும். குமட்டலும் மலச்சிக்கலும் சாதாரணமாக வரும். வலிப்பு உள்ளவர்களுக்கும், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது ஆபத்தாகலாம். வாரக்கணக்கில் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை என்று உடம்பு அதையே கேட்கத் தொடங்கும். 2018 ஏப்ரலில் இதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது வீணாக அல்ல.

சரி, அவ்வளவு ஆபத்துக்கு ஈடாக இடுப்பு வலியாவது தீருமா? இடுப்பு வலியோ கழுத்து வலியோ புதிதாகத் தொடங்கிய 347 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடத்திய சோதனை 2023இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. டிரமடாலைவிட வீரியமான ஆக்சிகோடோன் என்ற ஓபியாய்டு கொடுத்தும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்கு வலி குறையவில்லை. தசை தளர்த்தியும் அற்புத மருந்தில்லை. முதல் சில நாட்கள் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

நான் உண்மையில் அஞ்சுவது, இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுவீர்களோ என்றுதான். இரண்டும் மூளையை மந்தமாக்குபவை. சேர்ந்தால் மயக்கம் கூடி மூச்சே தளரலாம். மதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். டாபென்டடால் என்ற ஓபியாய்டையும் கரிசோப்ரொடால் என்ற தசை தளர்த்தியையும் ஒரே மாத்திரையாக்கி இந்திய நிறுவனம் ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. அங்கே இளைஞர்கள் அதைப் போதைக்காக விழுங்கினார்கள். செய்தி வெளியான பிறகு, 2025 பிப்ரவரியில் அந்தக் கூட்டு மருந்தின் தயாரிப்புக்கும் ஏற்றுமதிக்கும் தந்த அனுமதியை நம் அரசு திரும்பப் பெற்றது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஓபியாய்டே நஞ்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் பெரியம்மாவுக்குப் புற்றுநோய் எலும்புவரை பரவியிருந்தது. மார்ஃபின் என்றால் கடைசிக் கட்டம் என்று பயந்து, வீட்டில் மூன்று வாரம் தள்ளிப்போட்டார்கள். பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபினும், மலச்சிக்கலுக்கு இரவில் ஒரு மருந்துமாகக் கொடுத்தோம். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, ரசம் சோறு பிசைந்து தன் கையாலேயே சாப்பிட்டார். அந்த மூன்று வார வேதனையை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறவில்லை.

உங்களுடையது குடம் தூக்கி வந்த பிடிப்பு. டிசானிடினை மருத்துவர் சொன்ன நாள்வரை மட்டும் சாப்பிடுங்கள், அந்த நாட்களில் வண்டி ஓட்ட வேண்டாம். படுத்தே கிடக்காமல் மெல்ல நடமாடுங்கள். கால் மரத்துப்போனாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, எந்த மாத்திரை என்று யோசிக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.