அமெரிக்க பங்க் ராக் குழுவான கிரீன் டேயின் ஆல்பங்களில் எதை முதலில் கேட்கலாம்?

தயங்காமல் 'டூக்கி' (1994). பெரிய இசை வெளியீட்டு நிறுவனமான ரீப்ரைஸுக்காகச் செய்த முதல் ஆல்பம். அமெரிக்காவில் மட்டும் 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் போனது. அதில் 'லாங்வியூ' பாட்டைக் கவனியுங்கள்: டிரம்ஸும் பேஸும்தான் இழுத்துப் போகும், கோரஸ் வந்ததும்தான் கிட்டார் பாயும். பெரிய நிறுவனத்தோடு சேர்ந்ததால், இவர்கள் வளர்ந்த கில்மன் தெரு அரங்கமே (கலிபோர்னியாவின் பெர்க்லியில் உள்ள பங்க் இசை அரங்கம்) இவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. (பெரிய நிறுவனம் என்றாலே ஆகாது, பங்க்காரர்களின் வைராக்கியம் அப்படி!)

'இன்சோம்னியாக்' (1995) இன்னும் முரட்டுத்தனம். 'வார்னிங்' (2000) அவ்வளவாக விற்கவில்லை. என் கணக்கில் அது நல்ல ஆல்பம்தான்.

அப்புறம் 'அமெரிக்கன் இடியட்' (2004). ஈராக் போர்க்காலக் கோபம், முழுக்க ஒரே கதை. 'ஜீசஸ் ஆஃப் சபர்பியா' மட்டும் ஐந்து பகுதிகளாக 9 நிமிடம் ஓடும். இந்த ஆல்பம் 2010இல் இசை நாடகமாக நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கும் போனது. 'டூக்கி' பிடித்தவர்கள் இதற்கு இரண்டு மூன்று தடவை அவகாசம் கொடுங்கள்.