ஸ்மார்ட் போர்டைப் பார்த்து நர்சிங் கல்லூரியில் சேர்க்கலாமா?

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்சி. நர்சிங் சேர இருக்கிறாள். ஒரு கல்லூரியில் டேப்லெட், ஸ்மார்ட் போர்டு, நோயாளிக்குப் பதிலாக வைத்துப் பழகும் சிமுலேஷன் பொம்மை எல்லாம் இருக்கிறது. இன்னொன்றில் கரும்பலகையும் வார்டும்தான். முதல் கல்லூரியில் வார்டு டூட்டி அதிகம் இருக்காது, பிள்ளைக்குச் சிரமம் இல்லை என்கிறார் அட்மிஷன் வாங்கித் தருபவர். எதில் சேர்ப்பது? (பாலக்கோட்டில் இருந்து ஒரு தந்தை)

பதில்: ஐயா, வார்டு டூட்டி குறைவு என்று சொல்லி ஆள் சேர்ப்பவரிடம் மேற்கொண்டு பேசாதீர்கள். நர்சிங் படிப்பே வார்டில்தான் இருக்கிறது.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தைக் கெடுக்கும் விஷமா என்று பார்க்க, 2 மில்லி ரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ரத்தம் உறைந்திருக்கிறதா என்று சாய்த்துப் பார்ப்பார்கள். வீடியோவில் இது அரை நிமிடத்தில் முடிந்துவிடும். வார்டில் உறவுக்காரர்கள் அழுதுகொண்டிருக்க, குழாயைத் தொடாமல், கடிபட்டவருக்கு இமை சரிகிறதா, மூச்சு திணறுகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும். இதை எந்த டேப்லெட்டும் பழக்கிவிடாது. உடற்கூறு, மருந்தியல் போன்ற பாடங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் படிக்க டிஜிட்டல் நல்லதுதான்.

ஒரு இடத்தில் மட்டும் பொம்மை வார்டை விட மேல். இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். நோயாளிக்கு இதயம் நின்றுபோனால் மாணவியைச் சுவரோரம் நிறுத்திவிடுவார்கள், அதுதான் சரியும்கூட. அப்படியானால் அவள் எங்கே கற்பது? நெஞ்சை 5 சென்டிமீட்டராவது அழுத்தவேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஆழம் போதவில்லை என்றால் நல்ல பொம்மை காட்டிக்கொடுக்கும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காத அவசரமும் அப்படித்தான். ஆகவே பொம்மை இருந்தால் நல்லது. ஆனால் மாணவிகள் அதைத் தொட்டுப் பழகுகிறார்களா, கண்ணாடி அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனை இருக்கவேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. அந்த மருத்துவமனைக்கு ஒரு சாதாரண நாளில் நீங்களே போங்கள். படுக்கைகளில் ஆள் இருக்கிறார்களா? நான்காம் வருட மாணவியிடம் எத்தனை பிரசவம் பார்த்தாய் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவள் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய வலை ஒன்று இருக்கிறது. 'ஆன்லைன் நர்சிங்', 'ஒரே வருட நர்சிங் டிப்ளமோ' என்று ஓசூர், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு வரை நோட்டீஸ் தருகிறார்கள். பதிவு பெற்ற நர்ஸ் ஆக பி.எஸ்சி. 4 வருடம் அல்லது ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ 3 வருடம் நேரில் படிக்கவேண்டும். அந்த ஒரு வருடச் சான்றிதழை வைத்துக் கவுன்சிலில் நர்ஸாகப் பதிய முடியாது. பெங்களூரில் சேர்ப்பதாக இருந்தால், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதிகள் கவுன்சிலில் பின்னால் பதிவு கிடைக்குமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

இந்த விவரங்களைத் தமிழில் ஒரே தாளில் அடித்து, பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரம் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஒட்ட என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. அதைச் செய்யாததால்தான் ஏஜென்ட் வீட்டு வாசலுக்கே வருகிறார்.

அவரிடம் ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே வாங்கிவிடுங்கள்.