வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: மதுரை மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மதுரைக் கல்லூரி ஒன்றில் அயல்நாட்டுத் தொடர்புப் பிரிவைப் பல ஆண்டுகள் கவனித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஒரு செமஸ்டரை வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மாணவி, திருநகர் (மூன்றாம் ஆண்டு, பொறியியல்): ஐயா, ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டருக்கு எங்கள் கல்லூரி என்னைப் பரிந்துரைத்திருக்கிறது. விசா, வங்கி, டிக்கெட் ஆகிய மூன்றில் எதை முதலில் தொடங்க வேண்டும்?

பதில்: மூன்றும் பிறகுதான். அங்கே நீங்கள் படிக்கும் பாடங்களை இங்கே எந்தப் பாடங்களுக்கு ஈடாக எடுத்துக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் வாங்குவதே முதல் வேலை. இதற்கான படிவத்தை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் ‘லேர்னிங் அக்ரிமென்ட்’ என்று அழைக்கின்றன. அதில் நீங்களும், நம் துறைத் தலைவரும், அங்குள்ள ஒருங்கிணைப்பாளரும் கையெழுத்திட வேண்டும். நம் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் அதன் நகல் ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். துறைத் தலைவர் வாய்மொழியாக ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னதை நம்பிப் போன பிள்ளைகள், திரும்பி வந்தபோது அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பதைக் கண்டு தவித்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒரு பாடத்தின் எடையைச் சொல்லும் கிரெடிட் கணக்கு ஐரோப்பாவில் வேறு. அங்கே ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வுக்கான தயாரிப்பு எல்லாம் சேர்த்து ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கொள்கிறார்கள். நம்முடைய கிரெடிட் பெரும்பாலும் வாரத்துக்கு எத்தனை வகுப்பு நேரம் என்பதைக் கொண்டு அமைவதால், அங்குள்ள 6 கிரெடிட் பாடத்தை இங்கே எத்தனை கிரெடிட்டாக ஏற்பது என்பதைப் பாடத்திட்டக் குழு முன்கூட்டியே முடிவு செய்து எழுதித் தர வேண்டும். அடுத்தது மதிப்பெண். ஜெர்மனியில் 1.0 என்பது உச்சம், 4.0 என்பது தேர்ச்சியின் எல்லை, 5.0 என்றால் தோல்வி. நீங்கள் 1.3 வாங்கி வந்தால் அது மிகச் சிறந்த மதிப்பெண். ஆனால் 10 புள்ளிக் கணக்குக்குப் பழகிய அலுவலகத்தில் அதைத் தலைகீழாகப் படித்துவிட வாய்ப்பிருப்பதால், மாற்றும் முறையையும் அதே தாளில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதாகவும் முக்கியமானதாகவும் நான் சொல்வது நாட்காட்டி. ஜெர்மனியின் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் பெரும்பாலும் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரியில்தான் முடியும். நம் ஊரில் ஜூன், ஜூலையில் தொடங்கும் செமஸ்டருக்கு நவம்பர், டிசம்பரில் தேர்வு. அது முடிந்த கையோடு அடுத்த செமஸ்டர் தொடங்கிவிடும். ஆகவே நீங்கள் அங்கே படிப்பது ஒரு செமஸ்டர் என்றாலும், இங்கே இரண்டு செமஸ்டர்களின் பாதி பாதியைத் தவறவிடுகிறீர்கள். அந்த இரண்டையும் கல்லூரி எப்படி ஈடுகட்டப் போகிறது, வருகைப்பதிவுக்கு என்ன வழி, எந்தத் தேர்வைப் பிறகு எழுத வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இல்லாவிட்டால், நன்றாகப் படித்துத் திரும்பிய பிள்ளையின் பெயருக்கு நேரே அரியர் என்று விழும். சிங்கப்பூரில் ஆகஸ்டு முதல் டிசம்பர் வரையும் ஜனவரி முதல் மே வரையும் செமஸ்டர்கள் அமைவதால், அங்கே போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

இந்தத் தாள் கைக்கு வந்த பிறகு விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.

ஒரு தந்தை, உசிலம்பட்டி: பையனுக்கு ஜெர்மனியில் ‘பிளாக்டு அக்கவுன்ட்’ திறக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு பணத்தையும் மொத்தமாக அனுப்பிவிட்டால் திரும்பக் கிடைக்குமா, ஐயா?

பதில்: கிடைக்கும், ஐயா. அது பிள்ளையின் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணம். அவன் பெயரிலேயே இருந்து மாதாமாதம் அவனுக்கு விடுவிக்கப்படும். 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ என்று வைத்திருக்கிறார்கள்; ஆண்டுக்கு 11,904 யூரோ. விண்ணப்பிக்கும் நாளில் தூதரகத்தின் பக்கத்தில் தொகையை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அங்கே போய் நடப்புக் கணக்கு ஒன்றைத் திறந்த பிறகுதான் முதல் மாதப் பணம் கைக்கு வரும் என்பதால், முதல் சில வாரங்களுக்கு, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டிலும் கொஞ்சம் ரொக்கமாகவும் தனியாகப் பணம் கொடுத்தனுப்புங்கள். ரொக்கமாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புக்கு மேல் கொண்டுபோகக் கூடாது.

கடன் வாங்குவதாக இருந்தால் வங்கியிலேயே வாங்குங்கள். நான்கு பேரிடம் கைமாற்று வாங்கிச் சேர்க்க வேண்டாம். 7.5 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்காமல் கல்விக்கடன் தருவது பொதுத்துறை வங்கிகளில் வழக்கம். பையனின் லேர்னிங் அக்ரிமென்ட் கையெழுத்தாகிவிட்டதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

மாணவி, மேலூர்: என் மதிப்பெண் பட்டியலில் பெயரும் முன்னெழுத்தும் மட்டும் உள்ளன. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்கிறார்கள். அப்பா பெயரைப் போடலாமா?

பதில்: போடலாம். பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை அப்படியே ஏற்பதில்லை, விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயருக்கான இடத்தில் அப்பாவின் பெயரை எழுதுவது சிக்கல் குறைந்த வழி.

வாசகர், பெத்தானியாபுரம்: இதை நான் ஏற்கவில்லை, ஐயா. அப்பாவின் பெயர் அப்பாவுக்கு உரியது. நம் வழக்கத்தில் குடும்பப் பெயரே கிடையாது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுப் பாஸ்போர்ட் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். வெளிநாட்டுக்காரரின் படிவத்துக்காக நாம் ஏன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்?

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. சாதிப் பெயரை உதறிவிட்டு முன்னெழுத்தோடு நிற்பது இந்த மண் பெருமையோடு தேர்ந்துகொண்ட வழக்கம். அதை விட்டுவிடுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். வெறுமையாக விடுவது சட்டப்படி தவறும் இல்லை. ஆனால் அப்படி விட்டவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும் அந்தப் பெண் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். அமெரிக்க விசாவில் அவள் பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய், சொந்தப் பெயரின் இடத்தில் ‘எப்.என்.யூ.’ என்று, அதாவது முதற்பெயர் தெரியாது என்று அச்சாகும். விமான டிக்கெட், விடுதி ஒப்பந்தம், வங்கிக் கணக்கு என ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொரு விதமாகப் பெயர் பதிவாகும்.

அதே வாசகர்: மென்பொருளில் உள்ள குறைக்கு மனிதர்கள் வளைய வேண்டுமா?

வாசகி, நாகமலைப் புதுக்கோட்டை: என் மகள் அம்மா பெயரின் முன்னெழுத்தைப் போடுகிறாள். அவள் விரித்தெழுதினால் என் பெயரே குடும்பப் பெயராக நிற்கும். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். அப்பா பெயர்தான் வேண்டும் என்று எங்கே இருக்கிறது?

பதில்: எங்கேயும் இல்லை, அம்மா. உங்கள் மகள் தாராளமாக அப்படியே எழுதலாம். பெத்தானியாபுரத்து நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் அது மாணவரின் உரிமை. ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தரும் மதிப்பெண் பட்டியலில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் இருக்கும். நம் தேர்வுப் பிரிவின் பதிவேட்டில் முன்னெழுத்தோடு கூடிய பெயர் இருக்கும். இரண்டும் ஒருவரே என்று காட்டும் தாள் இல்லாவிட்டால், அந்த செமஸ்டரின் கிரெடிட் கணக்கில் ஏறாமல் நின்றுவிடும். ஆகவே மேலூர் மாணவி, இரண்டு பெயரும் உங்களுடையதே என்று கல்லூரி முதல்வரிடம் ஒரு சான்றும், நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் வாங்கி, லேர்னிங் அக்ரிமென்ட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர், வாடிப்பட்டி: அங்கே எழுதும் தேர்வின் கிரெடிட் தானாகவே இங்கே மாறிவிடும் அல்லவா?

பதில்: மாறாது. முதல் பதிலை முழுவதும் படியுங்கள், தம்பி.

மாணவர், திருமங்கலம்: சென்னையில் விசா மையத்தில் காலை 8 மணிக்கு நேரம் கிடைத்திருக்கிறது. இரவு பாண்டியனில் போனால் போதுமா?

பதில்: ரயில் தாமதமானால் அந்த நேரம் போய்விடும், மறுபடி கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். முந்தைய நாளே போய்த் தங்குங்கள், அல்லது பதினொரு மணிக்கு மேல் நேரம் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு தாய், சோழவந்தான்: மகனுக்கு ஒரு மாதத்துக்காவது நம் சாப்பாட்டுச் சாமான் கொடுத்தனுப்ப ஆசை. எதைக் கொடுக்கலாம்?

பதில்: பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி, புளி, வெயிலில் காயவைத்த சுண்டை வத்தல் எல்லாம் கொடுங்கள், அம்மா. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை இருப்பதால் நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். சிறிய குக்கர் ஒன்று பெரிய பெட்டியில் போகலாம். அடிப்பாகம் இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்குங்கள்.

அவன் போய் இறங்கும் நாளையும் பாருங்கள். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறந்திருக்காது. விடுதி அலுவலகம் சனி, ஞாயிறு இயங்காததால் சாவியும் கிடைக்காது. அக்டோபர் 3 தேசிய விடுமுறை. வாரநாளில் பகல் வேளையில் இறங்கும்படி டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள்.

மாணவி, அலங்காநல்லூர்: இணையத்தில் ஓர் அறை பார்த்தேன். முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாக உரிமையாளர் சொல்கிறார்.

பதில்: ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். இது பழகிப்போன மோசடி. பல்கலைக்கழக விடுதிக்கு இன்றே எழுதுங்கள்.

மாணவர், திருப்பரங்குன்றம்: வெளிநாட்டில் மருத்துவம் முழுவதுமாகப் படிக்க எந்த நாடு நல்லது?

பதில்: அது என் துறை அல்ல. தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளை முதலில் படியுங்கள்.

மாணவர், அனுப்பானடி: எங்கள் துறைத் தலைவர் கிரெடிட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். கிளம்பிவிடலாமா?

பதில்: கூடாது. இந்தக் கேள்வி வேறு வேறு ஊர்களிலிருந்து ஒரே வடிவில் வந்துகொண்டிருப்பது எனக்குக் கவலை தருகிறது. கையெழுத்து வாங்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

மதுரை மாணவி, ஜெர்மனி சென்று மூன்று நாளாகிறது: ஐயா, நான் ஒப்பந்தத்தில் எழுதிய பாடம் ஒன்றில் இடம் நிரம்பிவிட்டது. வேறு பாடம் எடுக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பதற வேண்டாம், அம்மா. ஒப்பந்தத்தில் பாடங்களை மாற்றுவதற்கென்றே தனிப்பகுதி உண்டு. புதிய பாடத்தின் பாடத்திட்டத்தை இன்றே இங்குள்ள துறைத் தலைவருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, தேர்வுப் பிரிவுக்கும் நகல் வையுங்கள். நம் ஊர் நேரம் இப்போது உங்களைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் நாலரை மணி நேரமாகிவிடும். அங்கே காலை எட்டு மணிக்குள் தொலைபேசியில் அழைத்தால் இங்கே அலுவலக நேரத்தில் ஆள் கிடைப்பார்கள். ஒப்புதல் மின்னஞ்சலில் வந்த பிறகு பாடத்தில் பதிவு செய்யுங்கள். பதிவுக்கான கடைசி நாள் நெருங்கினால் பதிவைச் செய்துவிட்டு, அதே நாளில் காரணத்தை எழுதி அனுப்பிவிடுங்கள். அறைக்குக் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். அதற்கு விடுதி அலுவலகம் கையெழுத்திட்டுத் தரும் உறுதிப் படிவம் தேவைப்படும்.